சம்பல் கரையில் கருணை

தில்லியிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர்களுக்குச் சம்பல் ஆறு புதிதன்று. தோல்பூரை விட்டு ரயில் நகர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம் நீண்ட பாலம் ஒன்று வருகிறது. அதன் இரு மருங்கிலும் மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய மண் பள்ளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. ஆண்டுதோறும் அப்பள்ளங்கள் விளைநிலத்தை விழுங்கி வந்தன. எஞ்சிய நிலத்திற்காக அண்ணன் தம்பியர் பகை கொண்டனர். பகை கொலையில் முடிந்தால், கொன்றவன் ஓடி ஒளிய அந்தப் பள்ளங்களே இடம் கொடுத்தன. அவ்வட்டாரத்துக் கொள்ளைக் கூட்டங்களின் கதையை விசாரித்தால், பல கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. அரசாங்கக் காகிதங்களில் இவர்கள் 'டாகு', அதாவது கொள்ளைக்காரர். அவர்களோ தம்மை 'பாகீ' என்று சொல்லிக்கொண்டனர். கலகக்காரன் என்பது அதன் பொருள். ஒருவனை எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ, அந்தச் சொல்லே அவன் திரும்பி வரும் வழியைத் திறக்கவும் அடைக்கவும் கூடும். எனினும் வீட்டுத் தலைவனைப் பறிகொடுத்த கைம்பெண்ணுக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் வேற்றுமை ஏது?

மான்சிங் என்பவர் அவ்வட்டாரம் நடுங்கப் பல ஆண்டுகள் உலவியவர். 1955-இல் சுடப்பட்டு மாண்டார். அவர் மகன் தெஹ்சீல்தார்சிங் பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, நைனிச் சிறையில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்நிலையில் அவர் ஆசார்ய விநோபா பாவேக்கு ஒரு கடிதம் எழுதினார். 1956, 1957 ஆண்டுகளில் நம் தமிழகத்திலும் ஊர் ஊராக நடந்து பூதானம் கேட்டாரே, அதே விநோபாதான். தாம் போக இயலாமல், ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் யதுநாத்சிங்கைத் தம் சார்பில் சிறைக்கு அனுப்பினார். படையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் அன்பின் தூதராகச் சென்றது நாம் நினைத்துப் பார்க்கத் தக்கது.

1960 மே மாதம் விநோபா பிண்டு, மொரேனா மாவட்டங்களில் கால்நடையாகப் புகுந்தார். ஆயுதக் காவல் அவருடன் செல்லவில்லை. தண்டனையைத் தள்ளுபடி செய்விப்பேன் என்று எவருக்கும் அவர் வாக்களிக்கவும் இல்லை. செய்த குற்றத்திற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லுங்கள், ஆனால் துப்பாக்கியைக் கீழே வையுங்கள் என்பதே அவர் கேட்டதன் சாரம். இருபது பேர் வந்து ஆயுதங்களை ஒப்படைத்தனர். லுக்கா என்று பெயர் பெற்ற லோக்மன் அவர்களில் ஒருவர். தெஹ்சீல்தார்சிங்கின் மரண தண்டனையும் பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

எல்லோரும் இதைப் போற்றினார்கள் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். காவல்துறை உயர் அதிகாரிகள் சிலர் வெளிப்படையாகவே கண்டித்தனர். பள்ளங்களில் உயிரைப் பணயம் வைத்துப் போராடிய காவலரின் மனம் சோர்ந்து போகும், கொலைகாரனுக்கு மாலை போட்டது போலாகும் என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் தள்ளிவிட நமக்குத் துணிவில்லை. கொலையுண்டவர் வீட்டாரிடம் கேளாமல், அவர்கள் சார்பில் மன்னிக்க அரசுக்கும் உரிமையில்லை, துறவிக்கும் உரிமையில்லை. ஆனால் விநோபா மன்னிப்பு வழங்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். குற்றவாளி தானே நடந்து வந்து குற்றத்தை ஏற்கும்படி செய்தார், அவ்வளவே. துரத்திப் பிடிக்கப்பட்டவன் வழக்கறிஞரைத் தேடுகிறான். தானே வந்தவனோ, தான் செய்ததைத் தன் வாயால் சொல்லும் நிலைக்கு ஓரடியாவது அருகில் வந்துவிடுகிறான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. மாதோசிங் என்ற பெயர் பெற்ற தலைவர் விநோபாவின் உதவியை நாடினார். வயதும் உடல்நிலையும் இடம் தராமையால், அவர் அந்தப் பொறுப்பை ஜெயப்பிரகாச நாராயணரிடம் அனுப்பினார். இம்முறை ஏற்பாடு இன்னும் விரிவானது. எவரையும் தூக்கிலிடுவதில்லை என்ற உறுதியை ஜெயப்பிரகாசர் அரசிடம் பெற்றார். குடும்பங்களின் மறுவாழ்வைப் பற்றியும் பேசினார். 1972 ஏப்ரல் 14-ஆம் நாள், மொரேனா மாவட்டத்து ஜௌராவில், காந்தியடிகளின் படத்தின் முன் மோகர்சிங்கும் மாதோசிங்கும் தம் கூட்டத்தாருடன் ஆயுதங்களை வைத்தனர். பெங்களூரில் பிறந்து, 2021-இல் மறைந்த எஸ். என். சுப்பாராவ் அவர்கள் அங்கே நடத்திவந்த காந்தி சேவா ஆசிரமம் இப்பணிக்குத் தளமாயிற்று. அவ்வாண்டில் சரணடைந்தவர் நானூறு பேருக்கும் மேல். அவர்களிற் பலர் முங்காவலியில் அமைந்த திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் காலத்தைக் கழித்தனர். மோகர்சிங், விடுதலைக்குப் பின் மேஹ்காவ் நகரத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தலைமைப் பதவி வகித்து, 2020-இல் முதுமையில் காலமானார்.

கொள்ளை இத்துடன் ஒழிந்துவிடவில்லை. புதிய கூட்டங்கள் பின்னும் தோன்றின. ஆயினும் 1972-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் நம் கருத்தைப் பெரிதும் கவர்வது மேடையில் நடந்தது அன்று. அதற்கு முன் நடந்தது. தலைவர்களை இணங்கச் செய்ய யாரேனும் பள்ளங்களுக்குள் சென்று பேச வேண்டியிருந்தது. அதிகாரி சொன்னால் நம்பமாட்டார்கள். துறவி சொன்னாலும் ஐயுறுவார்கள். அந்தத் தூதுப் பணியில் ஈடுபட்டவர்களுள் இருவர் லோக்மனும் தெஹ்சீல்தார்சிங்கும். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு திரிந்த அதே மண் பள்ளங்களுக்குள், அவர்கள் இப்போது வெறுங்கையோடு நுழைந்தார்கள்.