சாரல் வந்த வழியே

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் போனவர்களுக்குச் சாரல் என்றால் என்னவென்று தெரியும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பூவாய்த் தூறும். மேற்கே அத்தனை பெரிய மலை மறித்து நிற்க, கேரளத்து மழைக்காற்று எப்படி இந்தப் பக்கம் வருகிறது? செங்கோட்டைக்கு மேற்கே மலை கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. அதுதான் ஆரியங்காவுக் கணவாய். காற்று வருகிற அந்த வழியிலேயே ரயிலும் போகிறது. இந்த விடுமுறைக்குச் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை போய் வாருங்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான்.

ஏறுவதற்கு முன் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிடலாம். கேரள எல்லை இன்னும் மேற்கே இருக்க, இங்கே ஏது பார்டர்? செங்கோட்டை 1956 நவம்பரில்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் எல்லை பிரானூரில் இருந்தது. எல்லை இடம் மாறிவிட்டது. பெயர் பரோட்டாக் கடைகளோடு தங்கிவிட்டது.

வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள், இன்னொரு இன்ஜின் நிற்கும். ஏற்றம் அப்படி. முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும். பகவதிபுரம் வரை வயலும் தென்னையும். அப்புறம் நீளமான ஒரு குகை. இருட்டியதும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். வெளியே வந்தால் கேரளம். ஆரியங்காவு ஸ்டேஷன் பலகையில் மலையாளம். ஜன்னலுக்கு வெளியே பச்சையும் வேறு பச்சை.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். இந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1904இல். மீட்டர்கேஜ் வண்டி 2010இல் நின்றது. அகலப்பாதையாகி 2018இல் திரும்பியது. பழைய பாலத்தை இடிக்கவில்லை, வலுப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். மேலே போகிற நமக்கு அதன் அழகு தெரியாது. கீழே சாலையில் காரை நிறுத்திக் கையசைக்கிறவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்மலை, எடமண் கடந்து புனலூரில் இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். மறுநாள் குற்றாலத்தில் சாரல் விழும்போது குடையை விரிக்க அவசரப்படாதீர்கள். நேற்று நாம் வந்த அதே வழியில்தான் அதுவும் வந்திருக்கிறது.