டிரங்குப் பெட்டிக்கும் கூரை வேண்டும்

(கும்பகோணத்தில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"போர்க்கால அதிகாரிகளின் சீருடை, பதக்கம், புகைப்படம், சொந்தக் காகிதங்களைச் சேகரிப்பது" என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பல ஆண்டுகளாக இந்தச் சுற்றுவட்டாரச் சேரிகளில் பழைய பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக் காகிதங்களைப் படமெடுத்து வருகிறேன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறேன். அதிகாரி என்றால் யார்?

வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைப் பிரிவுகளில், முதல் உலகப் போரின் கடைசிக் கட்டம் வரை, இந்தியனுக்கு அரசரின் ஆணை பெற்ற அதிகாரி பதவி எட்டாக்கனி. டேராடூனில் ராணுவ அகாதமி வந்ததே 1932இல்தான். அதற்கு முன்னால் நம்மவர் ஏறக்கூடிய உச்சி ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். முப்பது வருஷம் உழைத்த சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இருபது வயது லெப்டினன்டுக்குக் கீழேதான். அதிகாரியின் பொருளை மட்டும் சேகரிப்போம் என்று இறங்கினால், தொடக்கத்திலேயே நம் ஆட்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிடுவோம்.

அப்படி நிறுத்தியதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், செத்தவர்களுக்காக பாஸ்ரா நகரில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு அன்று பெயர் வெட்டவில்லை. இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தானே ஒரு அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு இந்தியச் சிப்பாய்களும் சமமாக நடத்தப்படவில்லை.

பதக்கத்துக்கு வருவோம். முதல் உலகப் போருக்கான 'பிரிட்டிஷ் வார் மெடல்' ஏறக்குறைய 30 கிராம் வெள்ளி. ஓரத்தில், விளிம்பைச் சுற்றி, எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இதே பதக்கம் வெண்கலத்திலும் வந்தது. அது யாருக்கு? தொழிலாளர் படைக்கும் 'ஃபாலோயர்' என்று அழைக்கப்பட்டவர்களுக்கும். தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், மலம் அள்ளியவர், தோல் வேலை செய்தவர். அதே போர், அதே குண்டு, அதே காலரா. உலோகம் மட்டும் வேறு. இந்தியாவில் அந்த வேலைகளை யார் தலையில் கட்டினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே எங்காவது ஒரு வெண்கலப் பதக்கம் கண்ணில் பட்டால், "இது மலிவு ரகம்" என்று தள்ளிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் வெள்ளியைவிட அதற்குத்தான் பேச்சு அதிகம்.

ஆனால் இந்த ஊரில் வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கும்பகோணம் பாத்திர ஊர். பழசை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கிப் போவது இங்கே சாதாரணம். வெள்ளி அடகுக் கடைக்குப் போகும், பித்தளையும் வெண்கலமும் உருக்குக்குப் போகும். "தாத்தாவுக்கு மூணு காசு மாதிரி ஏதோ குடுத்திருந்தாங்க, அக்கா கல்யாணத்துக்குப் போட்டுட்டோம்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசியிருந்தால் அரசரின் தலையையும் உருக்கத்தான் வேண்டும்.

சரி, காகிதமாவது தங்கியதா? இங்கேதான் நம் விஷயம் இருக்கிறது. காவிரிப் படுகை ஆவணத்துக்குப் பேர்போன மண். பிராமணருக்கு நிலம் கொடுத்த சோழர் செப்பேடு ஆயிரம் ஆண்டு தாங்கியிருக்கிறது; அன்பில் செப்பேடுகள் போதும் உதாரணத்துக்கு. தஞ்சாவூர் போனால் சரசுவதி மகால், மராட்டிய அரசர்களின் மோடி எழுத்துக் காகிதங்களோடு. அதே மண்ணில், 1946இல் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் ஐம்பது வருஷம் தாங்கவில்லை. அக்கறை இல்லாததாலா? கூரை இல்லாததால்.

குடிசை பண்ணையாருடைய மனையில் இருந்தது. கோபம் வந்தால் காலி செய் என்பான். பெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும். குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் வந்தது 1971இல். அதற்கு முன்னால் கீற்றுக் கொட்டகை, ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர், கோடையில் தீ. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். மனிதர்களுக்கே அந்தக் கதி என்றால் காகிதத்தை என்ன சொல்ல? ஆவணக் காப்பகம் என்பது முதலில் கூரை, பட்டா சம்பந்தப்பட்ட விஷயம். மச்சு வீட்டில் பரணில் கிடந்த பெட்டி தப்பும். அதை வைத்துக்கொண்டு, "எங்கள் குடும்பத்துக்குத்தான் வரலாற்று உணர்வு உண்டு" என்று பேசுவார்கள்.

சீருடை பற்றி ஒரு பாட்டி சொன்னதைச் சொல்கிறேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். அவருடைய தகப்பனார் இரண்டாம் போரில் பர்மா எல்லை வரை போனவர். விடுப்பில் வரும்போது காக்கிச் சட்டை, பட்டி, பூட்ஸோடு ரயிலில் வருவாராம். "ஊர்த்தெரு முனை வந்ததும் பூட்ஸைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்குவாரு, தம்பி. சேரிக்கு வந்துதான் மறுபடி மாட்டுவாரு. சின்னப் புள்ளைங்க நாங்க அந்தப் பூட்ஸைத் தொட்டுத் தொட்டுப் பாப்போம்." பண்ணையாளைச் சாட்டையால் அடித்து சாணிப்பால் குடிக்க வைத்த மாவட்டம் இது. ஜப்பான்காரனின் துப்பாக்கிக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிற்கலாம், சொந்த ஊர்த்தெருவில் போட முடியாது. அந்தப் பூட்ஸ் இப்போது இல்லை. பாட்டி சொன்னது மட்டும் இருக்கிறது, என் கைப்பேசியில், 11 நிமிஷம்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: வெள்ளைக்காரனுக்காக ஊரைப் பிடிக்கப் போன கூலிப்படைதானே, அதில் நமக்கு என்ன பெருமை? நியாயமான கேள்வி. பெருமைக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. "நாங்கள் வீரப் பரம்பரை" என்ற பேச்சு எனக்கு ஒவ்வாது. அது அவர்களுடைய கணக்கு. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டி, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் 'வீர இனம்' என்ற கோட்பாட்டைப் படை முழுக்க நடத்திக் காட்டினார். பறையர்கள் கணிசமாக இருந்த சென்னைப் படை சுருங்கியது. சாப்பர்ஸ், பயனியர்ஸ் மாதிரிப் பிரிவுகளில், அதாவது பாலம் கட்ட, பாதை வெட்ட, கண்ணிவெடி எடுக்க, இடம் மிச்சமிருந்தது. சென்னைப் பயனியர்களையும் 1933இல் கலைத்தார்கள். மராட்டியத்தில் மகர்களுக்கு 1892 வாக்கில் கதவைச் சாத்தினார்கள்.

சாத்திய கதவை எப்படித் தட்டினார்கள்? 1894இல் கோபால் பாபா வலங்கர் எழுதிய மனு, 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளேயின் மனு. எங்கள் முன்னோர் உங்கள் படையில் உழைத்தார்கள் என்பதுதான் அவற்றின் வாதம். அண்ணலின் தகப்பனார் ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சுபேதார். மகனுக்குக் கிடைத்த எழுத்தில் அந்தப் பள்ளிக்கும் பங்குண்டு. கோரேகான் தூணைப் பாருங்கள். கம்பெனிக்காரன் தன் வெற்றிக்காக நட்ட கல். அதில் வெட்டியிருந்த பெயர்களில் 22 மகர் பெயர்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். இன்றைக்கு லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கல் கம்பெனியுடையது, பெயர் நம்முடையது. பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால்?

நம் பக்கத்தில் சுபேதார் சுப்ரமணியம் இருக்கிறார். செங்கல்பட்டுச் சீமைக்காரர், சென்னை சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி வெடிக்கப்போகிற நொடியில் அதன் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (ஒருவரும் தூக்கவில்லை.) அவர் என்ன சாதி என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள், அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி வேலை. பொருளைக் கேட்டு வாங்கி வராதீர்கள். பதக்கம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். முன்பக்கம், பின்பக்கம், முக்கியமாக விளிம்பு, மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுங்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். விளிம்பெழுத்து தேய்ந்தால் ஆள் யாரென்றே தெரியாமல் போய்விடும். காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. புகைப்படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்க்காதீர்கள், சட்டத்தோடு எடுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும். ராணுவக் காகிதங்களில் ஊர், தாலுகா, உயரம், சாதி எழுதும் இடங்கள் இருக்கும். 1922க்குப் பிறகு அரசுக் காகிதங்களில் 'ஆதி திராவிடர்' என்று மாறுகிறது. உங்கள் ஊர்க் காகிதத்தில் எப்போது மாறியது என்று பாருங்கள். அது ஒரு வரலாறு.

மலாயா போனவர்களை விட்டுவிடாதீர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஜான்சி ராணிப் படையின் கேப்டன் லட்சுமியை நாடறியும், அறியட்டும்; அவர் பின்னால் நடந்த தோட்டத்துப் பெண்களின் படம் எவர் வீட்டில் இருக்கிறது? 1972இல் தியாகி ஓய்வூதியம் வந்தபோது ஆதாரக் காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லாதவர் தியாகி இல்லை.

வியாபாரிகளும் வருவார்கள். லண்டன் ஏலங்களில் இந்தியப் பெயர் பொறித்த பதக்கங்கள் விலைபோகின்றன. தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1972இன்படி நூறு ஆண்டு தாண்டிய பொருள் தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்துக்கு 75 ஆண்டு போதும். முதல் போர்ப் பதக்கங்கள் நூறைத் தாண்டிவிட்டன, இரண்டாம் போர்க் காகிதங்கள் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டன. அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. விற்கவே போகிறோம் என்று ஒரு குடும்பம் சொன்னால் தடுக்க நமக்கு உரிமையில்லை, ஆனால் விற்கும் முன் ஒரு படம், ஒரு பேட்டி எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

படங்களை இரண்டு மூன்று இடத்தில் பிரதி வைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு அச்சுப் பிரதி கட்டாயம் கொடுக்க வேண்டும். என்னிடம் ஒரு கையடக்க ஸ்கேனர் இருக்கிறது, வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு எழுந்து வரக்கூடியவர்கள், பைக் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து பேசத் தயங்காத தோழியர்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.