சி.ஏ. படித்தவருக்கு இன்னும் சில வழிகள்



வீட்டுப் பிள்ளை சி.ஏ. முடித்ததும், "எப்போ ஆடிட்டர் ஆபீஸ் திறக்கப் போறே?" என்றுதான் கேட்கிறோம். பல ஆண்டுகள் தணிக்கையும் வரிக்கணக்கும் பார்த்தபின், வேறு வேலைக்கு மாறலாமா என்று தவிப்பவர்கள் உண்டு. அவர்கள் படித்த படிப்பை உதறவே வேண்டாம்.

ஒரு வழியைப் பார்ப்போம். 2016-இல் திவால் சட்டம் வந்தது. கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தின் வழக்கைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், இயக்குநர் குழுவின் அதிகாரம் ஒரு திவால் தீர்வு நிபுணரின் கைக்கு வருகிறது. கடன் கொடுத்தவர்களின் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது, தொழிலை நிற்காமல் ஓட்டுவது, எடுத்து நடத்த ஆள் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகிப் 10 ஆண்டு அனுபவம் உள்ளவர், அதற்கான பயிற்சியும் தேர்வும் முடித்துப் பதிவு செய்தால் இந்தப் பணிக்கு வரலாம். எத்தனையோ தொழிலாளர்களின் பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால், இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

3 ஆண்டு அனுபவம் இருந்தால், பங்குகளுக்கும் நிதிச் சொத்துகளுக்கும் மதிப்புப் போடும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். இதற்கும் பயிற்சியும் தேர்வும் உண்டு.

கற்பிக்க ஆசையா? சி.ஏ. தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் ஏற்றது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு எழுதலாம்.

எங்கே மாறினாலும், கழகத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறாதீர்கள். விட்டுவிட்டால் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். முழுநேர வேலையில் சேருகிறவர்கள், தொழில் நடத்தும் சான்றிதழ் பற்றிய விதிகளை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.