ஆய்வுக் களஞ்சியமும் உழவரும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அறுவடை செய்த நெல்லை நாம் களத்திலேயே விட்டுவிடுவதில்லை. தூற்றி, காயவைத்து, குதிரில் சேர்க்கிறோம். ஆனால், ஆய்வு என்னும் விளைச்சலுக்கு வெகு காலம் அப்படியொரு குதிர் இருக்கவில்லை. வேளாண் கல்லூரி மாணவர் பல பருவங்கள் பாடுபட்டு எழுதிய ஆய்வேடு, சில பிரதிகளோடு நூலக அலமாரியில் அடங்கிப் போயிற்று. கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பியதை, நேரில் சென்றவர் மட்டுமே படிக்க முடிந்தது. அந்த ஆய்வுகளில் பல, உங்களைப் போன்ற உழவர்களின் வயல்களில் நடந்தவை.

இக்குறையைப் போக்க வந்தவையே இணையவழி ஆய்வுக் களஞ்சியங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் எச்.பி. நிறுவனமும் 2002-ஆம் ஆண்டில் 'டிஸ்பேஸ்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டன. அதைக் கொண்டு உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் தத்தம் களஞ்சியங்களை அமைத்துக்கொண்டன. நம் நாட்டில், முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. அவ்வாறு வருபவை 'சோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்கின்றன. வேளாண்மைக்கென்றே 'கிருஷிகோஷ்' இருக்கிறது. ஆய்வு முடிவுகள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமென்ற கொள்கையை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் ஏற்றது.

"இதனால் எங்களுக்கு என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்கலாம். கடைக்காரர் ஒரு புதிய மருந்தைக் காட்டி, "பல்கலைக்கழகத்தில் சோதித்தது" என்கிறார். உண்மைதானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளையைத் துணைக்கு அழையுங்கள். பயிரின் பெயரையும் மருந்தின் பெயரையும் கொடுத்துத் தேடினால் போதும். முதலில் ஆய்வுச் சுருக்கத்தைப் படியுங்கள். பின்னர் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. எந்த மண், எந்தப் பருவம், எந்த இரகம்? கரிசல் மண்ணில் கண்ட முடிவு செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தாது.

2. மருந்திடாத பாத்தியோடு ஒப்பிட்டிருக்கிறார்களா? ஒப்பீடு இல்லாத கணக்கை நம்ப வேண்டாம்.

3. விளைச்சல் அட்டவணையின் அடியில் 'சி.டி.' என்றோர் எண் இருக்கும். இரண்டு முறைகளின் விளைச்சல் வித்தியாசம் அந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால், ஒன்று மற்றதைவிட மேலானது என்று கொள்ளக்கூடாது.

4. விளைச்சல் கூடினாலும் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. களஞ்சியத்தில் பழைய நெல்லும் புதிய நெல்லும் சேர்ந்தே இருக்கும். பழைய ஆய்வேடுகளில் பி.எச்.சி., எண்டோசல்பான் ஆகியவற்றைத் தெளித்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தியதாக எழுதியிருக்கும். பி.எச்.சி. 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. ஆகவே ஆய்வேட்டின் ஆண்டைப் பார்க்காமல் எதையும் பின்பற்ற வேண்டாம். படித்ததைக் குறித்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்திலோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ கலந்து பேசுங்கள். முதலில் சிறு பாத்தியில் செய்து பாருங்கள்.

அரசுப் பல்கலைக்கழக ஆய்வுகள் மக்கள் வரிப்பணத்தில் விளைந்தவை. அந்தக் குதிரைத் திறந்து பார்க்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.