பெட்ரோலும் பெயர்ப்பலகையும்

விருதுநகர்ச் சந்தையில் பருப்பு வாங்க வரும் வியாபாரி, மூட்டையின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். பிறகு தராசின் முள்ளையும் பார்ப்பார். அதே வியாபாரி தம்முடைய காருக்குப் பெட்ரோல் போடும்போது மட்டும் பெயர்ப்பலகையை நம்பிப் போய் நிற்கிறார். "அந்த பங்கில் போட்டால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூட ஓடுகிறது, அண்ணாச்சி" என்று யாரேனும் சொல்லிவிட்டால் போதும். மூன்று கிலோமீட்டர் சுற்றியாவது அங்கே செல்வார். இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

நம் நெடுஞ்சாலைகளில் ஒரு காலத்தில் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்னும் பலகைகள் நின்றன. எஸ்ஸோ கம்பெனியின் புலி 1960-களில் உலகமெங்கும் விளம்பரங்களில் உலவிற்று. 1970-களில் இவை அரசுடைமையாயின. எஸ்ஸோவும் கால்டெக்ஸும் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அடங்கின. பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. இந்தியன் ஆயிலையும் சேர்த்து இம்மூன்று கம்பெனிகளே இன்று நம் பங்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துகின்றன. இவை விற்கும் சாதாரணப் பெட்ரோல் யாவும் ஒரே தர விதிக்கு உட்பட்டவை. அதுமட்டுமன்று, அருகில் எவருடைய கிடங்கு இருக்கிறதோ அங்கிருந்து ஒருவருக்கொருவர் சரக்கைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இவற்றுக்குள் உண்டு. ஆகவே, எதிரெதிரே நிற்கும் இரண்டு பங்குகளின் தொட்டிகளிலும் ஒரே ஆலையில் வடித்த பெட்ரோல் இருப்பதில் வியப்பில்லை. பலகைகளின் நிறம் வேறு. உள்ளே இருப்பது ஒன்றே.

விலை கூடிய 'பிரீமியம்' பெட்ரோல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் பெருமையெல்லாம் ஆக்டேன் எண்ணைப் பற்றியது. இதைச் சிவகாசிப் பக்கத்து நேயர்களுக்கு விளக்குவது எளிது. புஸ்வாணமும் மருந்துதான், வெடியும் மருந்துதான். ஒன்று நின்று நிதானமாக எரிகிறது. மற்றொன்று ஒரு நொடியில் சிதறுகிறது. எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி புஸ்வாணத்தைப்போல் ஒழுங்காக எரிந்து பிஸ்டனைத் தள்ளவேண்டும். ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள், அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் மிச்ச ஆவி தானே பற்றிக்கொண்டால் அதுவே 'நாக்கிங்' என்னும் தட்டல். ஆக்டேன் எண் என்பது, அவ்வாறு முன்னதாகப் பற்றாமல் பெட்ரோல் பொறுத்திருக்கும் திறனின் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து இதனைக் கணக்கிடுகிறார்கள். ஆக, ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமையே அன்றி அதன் பலம் அன்று. உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்யும் எஞ்சினுக்கு அந்தப் பொறுமை தேவை. மற்ற எஞ்சின்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-இல் சோதித்துப் பார்த்து, சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த வண்டியில் பிரீமியம் ஊற்றுவதால் பயனில்லை என்று அறிவித்தது. குதிரைத்திறனும் கூடவில்லை, மைலேஜும் கூடவில்லை.

அப்படியானால் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, அளக்கும் விதத்தில்தான் கோளாறு. 450 கிலோமீட்டர் ஓடிய பிறகு தொட்டி நிரம்ப 30 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்கிறோம். பம்பின் மூக்கு ஒரு லிட்டர் முன்னதாகவே தானாக நின்றுவிட்டால் 29 லிட்டர்தான் கணக்கில் ஏறும். மைலேஜ் 15½ ஆகிவிடும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் முளைத்துவிட்டது! சிவகாசிக்கு வாடகைக் கார் ஓட்டும் அன்பர் ஒருவர் இவ்விஷயத்தில் என்னோடு பலமுறை வாதாடியிருக்கிறார். ஒரு மாதம் ஒவ்வொரு முறையும் கணக்கெழுதும்படி அவரிடம் சொன்னேன். பங்குக்குப் பங்கு தெரிந்த வேற்றுமையைவிட, ஒரே பங்கில் போட்ட இரண்டு முறைகளுக்கிடையே தெரிந்த வேற்றுமை பெரிதாக இருந்தது. இரவில் வெறும் வண்டியாய்த் திரும்பிய நாளும், தீபாவளிக்கு முன் வெளியூர்க் கார்கள் மொய்க்கும் சிவகாசிக் கடைவீதியில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு நின்ற நாளும் எப்படி ஒன்றாகும்? குறைந்தது ஐந்தாறு தொட்டிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தக் கணக்கை நம்பலாம்.

மைலேஜைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளையும் கருவிகளையும் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இத்தகைய கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்திருக்கிறது. உருப்படியாகத் தேறியவை மிகச் சிலவே. காசைச் சேமித்து டயருக்குக் காற்றுப் பிடிப்பது மேல்.

பெயர் முக்கியமில்லை என்றேன். தரம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பெட்ரோலில் சேர்க்கும் தூய்மைப் பொருள்கள் எஞ்சினுக்குள் கரி படியாமல் காக்கின்றன. கலப்படமோ இதற்கு நேர் எதிரானது. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் இறங்கும், எஞ்சின் தட்டும், மைலேஜும் போகும். இங்கே நம் சந்தை வியாபாரியின் கைப்பிடிச் சோதனைக்கு இடமுண்டு. வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிஷத்துக்குள் கறையின்றி ஆவியாகிவிடும். அடர்த்தியை அளக்கும் கருவியும் பங்கில் இருக்கவேண்டும். 15 பாகை வெப்பத்துக்குக் கணக்கிட்ட அடர்த்தி, சரக்கோடு வந்த சீட்டில் உள்ளதற்கு மூன்று அலகுக்கு மேல் மாறினால் சந்தேகப்பட இடமுண்டு. 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். 25 மில்லிலிட்டருக்கு மேல் குறையலாகாது. இவற்றைக் கேட்பது வாங்குவோரின் உரிமை. இதுவரை நான் கேட்கப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இனி, உண்மையாகவே மைலேஜை மாற்றும் சங்கதிக்கு வருவோம். அது எத்தனால். கரும்பு, அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து வடிக்கும் இந்தச் சாராயத்தை நூற்றுக்கு இருபது பங்கு பெட்ரோலில் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-இல் எட்டியது. இதன் ஆக்டேன் எண் சுமார் 108. ஆகவே பொறுமைக்குக் குறைவில்லை. பலத்தில்தான் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் இருக்க, ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது 21 மட்டுமே. இருபது பங்கு கலந்த லிட்டரில் ஏறத்தாழ 30 எஞ்சும். எந்தப் பலகையின் கீழ் நின்று வாங்கினாலும் இந்தக் குறைவு உண்டு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாப் பெட்ரோலுக்கென அமைத்து, பத்துப் பங்கு கலப்புக்கு இசைவித்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், அத்தகைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும், பத்துப் பங்குக்கென அமைத்து இருபதுக்கு இசைவித்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. மாதம் 15,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் பழைய வாடகைக் காருக்கு, 6 விழுக்காடு என்றால் 900 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு பிள்ளையின் பள்ளி வேன் கட்டணம் அதில் அடங்கிவிடும்.

கலப்பே தவறு என்பது என் கருத்தன்று. கச்சா எண்ணெய்க்கு அயல்நாட்டை நம்பியிருக்கும் தேசத்துக்கு இதில் லாபம் உண்டு, உழவருக்கும் உண்டு. எனினும், பலம் குறைந்த லிட்டரை முழு லிட்டரின் விலைக்கு விற்பது எந்தச் சந்தை நியாயம்? எத்தனால் மலிவாயிருந்த நாளில் எழுதிய அந்த அறிக்கை, குறையும் மைலேஜுக்கு வரிச்சலுகையால் ஈடுகாட்டலாம் என்றது. 2025-இல் எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டது, பெட்ரோலின் அடக்கவிலையைவிட அதுவே கூடுதல் என்று அரசு பதில் சொல்லிற்று. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் வாடகைக் கார்க்காரரின் பையிலிருந்து அந்தத் தொள்ளாயிரம் போனது போனதுதானே!

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதன் கைப்புத்தகத்திலோ, பெட்ரோல் மூடியின் அருகிலோ எத்தனை பங்கு எத்தனாலுக்கு அது ஏற்றது என்று குறித்திருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளவேண்டும். 2023-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றில் 'இ10' என்றே இருக்கும். அவற்றில் பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் காலப்போக்கில் கெடக்கூடும். பெரிய செலவில்லை, அடுத்த சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் சொல்லி அவற்றை மாற்றிவிடலாம்.