நேரம் யார் கையில்?

(காஞ்சிபுரத்தில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம்ம தெருவுல ஒருத்தருக்குச் சர்க்கரை வந்துடுச்சுன்னா, ‘என்னத்தத் தின்னே?’ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. டாக்டரும் சொல்றார்: நேரத்துக்குச் சாப்பிடு, நட, தூங்கு, கவலைப்படாதே. நல்ல வார்த்தைதான். ஆனால் நம்ம நேரம் யார் கையில் இருக்கிறது? இன்றைக்கு அதைத்தான் பேச வந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்காருகிறவரைப் பாருங்கள். காலையிலிருந்து ஒரே இடம். கூலி, புடவைக் கணக்கு. எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்குக் கூலியில்லை. முகூர்த்த மாசத்தில் ராத்திரியும் தறி. மற்ற மாசத்தில் பாவு வருமா வராதா என்கிற கவலை. சர்க்கரை முற்றினால் கண்ணைத் தாக்கும். கண் போனால் இழையை எப்படி எண்ணுவது?

விடியறதுக்கு முன்னாடி தெருக்கூட்டப் போற நம்ம அக்காக்களுக்கு ஒரு டீதான் காலைச் சாப்பாடு. சர்க்கரை இருந்தால் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். ஒதுங்க இடமில்லை. அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கறதில்ல. மரத்துப்போன காலில் கண்ணாடி குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் விரலை எடுப்பார்கள், பிறகு காலையே எடுப்பார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. எதிரே வரிசை, மேலிருந்து இலக்கு, பின்னால் ‘கோட்டாவில் வந்தவன்’ என்கிற முணுமுணுப்பு. அடுத்தவன் கணக்கில் தப்பு விட்டால் அது கைத்தவறு. நாம் விட்டால் சாதித்தவறு. நாள் முழுக்க உடம்பு காவலுக்கு நிற்கிறது.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? பயமும் அவசரமும் அவமானமும் வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் சுரக்கின்றன. ஓடவோ எதிர்க்கவோ தெம்பு வேண்டுமென்று ஈரல், சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. நம்மால ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. தினமும் இப்படியே போனால் இன்சுலின் சொல்லை உடம்பு கேட்பதில்லை. தூக்கம் கெட்டாலும் இதே கதைதான். பரம்பரை, சாப்பாடு, எடை இவையும் காரணங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2015இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியாவிலிருந்து 2,22,120 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தவர்களில், கீழ்நிலை வேலைக்காரர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடுதல். மேல்நிலையில் இருந்தவர்களுக்குக் கூடவில்லை. மணி ஒன்றுதான். அது யார் உடம்பில் ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அண்ணல் அம்பேத்கருக்கும் சர்க்கரை இருந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1946இல், ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மே நாளில் திரும்பப் பெற்றார்கள். எட்டு மணி நேரம் என்பது மருந்தும்தான் என்று அன்று யாரும் சொல்லவில்லை. நாம் சொல்லணும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறது. வரவேற்போம். மாத்திரையை யாரும் பாதியில் நிறுத்தாதீர்கள். முப்பது தாண்டியவர்கள் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். கூடவே, சங்கத்தின் கோரிக்கை மனுவில் கூலிக்குக் கீழே இதையும் எழுதுங்கள்: கூலி பிடிக்காமல் வேலை நேரத்திலேயே பரிசோதனை, தெருக்கூட்டுகிறவர்களுக்குக் கழிப்பறை, குடிநீர், காலுக்கு உறுதியான ஷூ, சாப்பிட உட்கார அரைமணி நேரம்.

‘என்னத்தத் தின்னே?’ன்னு இனிமே யாராவது கேட்டா, ‘எத்தனை மணிக்குத் தின்ன விட்டாங்க?’ன்னும் சேர்த்துக் கேக்கச் சொல்லுங்க.