மூலத்தைக் கண்டு எழுதுக
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சத்துவாச்சாரிப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம் வந்துவிட்டது. ஆதலின் மேற்கோள் குறிப்பைப் பற்றிச் சில கூற விழைகிறேன். ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்கம் ஆகிய ஆறும் அதில் இடம்பெற வேண்டும். அவற்றின் வரிசையையும் நிறுத்தக் குறிகளையும் அந்தந்த இதழின் விதிகள் கூறும்.

அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஆய்வுரை படித்தார். செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் கருத்துகளை அவரவர் பெயர் சுட்டி ஆராய்ந்த பின்னரே தம் முடிவை நிறுவினார். அவ்வுரை 1917 மே மாத 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வெளிவந்தது. பல இடங்களில் அது தொகுதி 41 என்றே அச்சாகியுள்ளது. அவ்விதழோ 1872இல் தொடங்கி ஆண்டுக்கொரு தொகுதியாக வந்தது. கணக்கிட்டால் 1917க்கு உரியது 46. ரோமன் எண்ணில் 'வி' என்னும் ஓரெழுத்து உதிர்ந்தால் 46, 41 ஆகிவிடும். 41ஐ நம்பி நூலகத்தில் தேடுவோருக்கு 1912ஆம் ஆண்டுத் தொகுதியே கிட்டும். அண்ணலின் கட்டுரை கிட்டாது.

ஆகவே, பிறர் குறிப்பைப் பார்த்து எழுதாதீர்கள். மூலத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். நம் முன்னோரின் உழைப்பு பெயரின்றிப் பிறர் கணக்கில் சேர்ந்தது போதும். நாளை உங்கள் பெயரும் பிழையின்றி மேற்கோளாக நிற்க வேண்டும்.